போடாத சத்தம்

பொத்தானை அழுத்தும்போது அவர் எதிரில் இருப்பவரைப் பார்க்க மாட்டார். பார்வை சுவரில் மாட்டியிருக்கும் தீயணைப்பு உருளையின் மேல் இருக்கும். வலது கை மேசைக்கு அடியில். இடது கை மட்டும் மேலே, பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாகக் காரணமில்லாமல் வேலை பார்த்துக்கொண்டிருக்கும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர், ‘பீப்’ என்ற சத்தம் கேட்டதும் கை தூக்க வேண்டும். இவருடைய தோளைப் பார்த்தோ கண்ணைப் பார்த்தோ தூக்கிவிடக் கூடாது. காது பரிசோதனை அறையில் இத்தனை வருடமாக அவர் செய்துவருவது இதைத்தான். நடுநடுவே எதையும் அழுத்தாமல் சும்மா இருப்பார். அந்தச் சும்மாவுக்கும் கை தூக்குகிறவர்கள் உண்டு.

அவர்கள் பொய் சொல்வதில்லை என்பது அவருடைய கட்சி. பரீட்சை என்று உட்கார வைத்துவிட்டால் எந்த மனிதனும் தேறத்தான் பார்ப்பான். காது கேட்காவிட்டால் மனசு கேட்டுவிடும்.

தொழிலுக்காக வைத்துக்கொண்ட முகம் வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டது. சாப்பாட்டில் உப்பு இல்லை என்றாலும் அதில் தெரியாது, அதிகம் என்றாலும் தெரியாது. “இந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு சீட்டாடப் போயிருந்தா இந்நேரம் மாடி வீடு கட்டியிருக்கலாம்” என்பாள் மனைவி.

அந்த முகத்துக்குத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை சோதனை வந்தது.

மனைவியின் அண்ணன், இவருக்கு மச்சான், காலமெல்லாம் லேத் பட்டறையில் இரும்பு கடைந்து ஓய்வு பெற்றவர். குடும்பத்துக் குழந்தைகளுக்கு அவர் ‘ஒயர் மாமா’. அவர் வீட்டு முன்னறையில் ஆளுயர ஸ்பீக்கர் இரண்டு. அவற்றுக்கு நேராக ஒற்றை நாற்காலி. அந்த நாற்காலியில் வேறு யாரும் உட்கார்ந்ததில்லை, உட்கார ஆசைப்பட்டதும் இல்லை. ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகும் ஒயர் மணிக்கட்டுத் தடிமன். தரையில் பட்டால் சத்தம் கெட்டுவிடும் என்று கடைக்காரர் சொன்னதால், வரிசையாக வைத்த மரக்கட்டைகளின் மேல் அது படுத்திருந்தது. விலை ஸ்பீக்கரைவிட அதிகம்.

“என் தலையணை கிழிஞ்சு பஞ்சு வெளிய வருது. ஒயருக்குக் கட்டில் போட்டிருக்காரு” என்று மச்சானின் மனைவி வருவோர் போவோரிடமெல்லாம் சொல்வார்.

இப்போது மச்சான் அதற்கும் மேலான ஒயர் ஒன்றைக் கடையில் பார்த்து வைத்திருந்தார். அவர் மனைவி குறுக்கே நின்றார். “தம்பி வந்து பாக்கட்டும். அவருக்குக் காதுதான் பொழப்பு. வித்தியாசம் இருக்குன்னு அவர் சொன்னா வாங்குங்க. இல்லன்னா இந்த வீட்டுக்குள்ள இனிமே ஒயர்னு ஒண்ணு வரக்கூடாது.”

மச்சான் உடனே ஒப்புக்கொண்டார். தோற்போம் என்ற நினைப்பே அவருக்கு இல்லை.

கிளம்பும்போது இவருடைய மனைவி சட்டைக் காலரைச் சரிசெய்வதுபோல வழியை மறித்தாள். “வேலைய விட்டதுக்கப்புறம் அண்ணனுக்குன்னு இருக்கிறது அந்த ஒரு நாற்காலிதான். உண்மைய சொல்றேன்னு எதையாவது உடைச்சிட்டு வந்து நிக்காதீங்க.”

“கரண்டுக்கு விலை படிக்கத் தெரியாது. எந்த ஒயர்ல விட்டாலும் போகும்.”

“அத அங்க சொல்லாதீங்கன்னுதான் சொல்றேன்.”

“வாங்க பீப் மாப்ள” என்று வரவேற்றார் மச்சான். “இன்னிக்கு உங்க பீப் இல்ல. பாட்டு.”

ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் ஒரு போர்வையைக் கட்டி மறைத்தார்கள். ஸ்பீக்கர் பக்கம், முன்பு இருந்த பழைய சாதா ஒயர், மரக்கட்டை மேல் படுத்திருக்கும் புது ஒயர் இரண்டையும் சேர்த்தே முடுக்கியாயிற்று. ஆம்ப்ளிஃபயர் பக்கம் மட்டும் இவர் மாற்றி மாற்றி மாட்டுவார். புது ஒயர் என்று தோன்றும்போது மச்சான் கை தூக்க வேண்டும்.

போர்வைக்குப் பின்னால் உட்கார்ந்ததும் தொழில் ஆளைப் பிடித்துக்கொண்டது. பழைய ஒயரை மாட்டினார். பாட்டு ஓடியது. நிறுத்தினார். திருகாணியைச் சத்தம் வரும்படி கழற்றி, அதே ஒயரைத் திரும்ப மாட்டினார். புது ஒயரின் முனை அவர் மடியில் கிடந்தது. கடைசிவரை அது மடியை விட்டு இறங்கவே இல்லை.

மச்சானின் கை உயர்ந்தது. “இது புதுசு. மழை விட்டு வெயில் அடிச்ச மாதிரி இருக்கு பாருங்க.”

இவர் கழற்றி, அதையே மாட்டினார்.

“இது பழசு. தகர டப்பா.”

போர்வையின் ஓரத்து இடைவெளியில் மச்சானின் விரல்கள் தெரிந்தன. நாற்காலிக் கைப்பிடியில் டிரம்மோடு சேர்ந்து தாளம் போட்டுக்கொண்டிருந்தன. பாட்டின் நடுவில் டிரம் அடங்கி, சின்ன மணி ஒன்று மட்டும் தனியாக ஒலிக்கும் இடம் வந்தது. விரல்கள் நின்றன. டிரம் திரும்பி வந்த பிறகுதான் அவற்றுக்கு உயிர் வந்தது. அடுத்த முறையும் அப்படியே. மணி ஒலிக்கும் நேரமெல்லாம் அந்த விரல்கள் பஸ்ஸுக்கு நிற்பவை போல நின்றன.

“மச்சான், நடுவுல அந்த மணி எப்படி இருக்கு?”

“அதான் மாப்ள விஷயமே. முன்னெல்லாம் கண்ணாடில கரண்டி பட்ட மாதிரி வரும். இப்ப கொஞ்ச வருஷமா வரமாட்டேங்குது. ஸ்பீக்கர மாத்தினேன். வரல. இந்த ஒயர் வாங்கினேன். வரும் வரும்னு இருக்கு, வரல. இதுக்கு மேல ஒண்ணு இருக்கு, அதுல கண்டிப்பா வரும்கறான் கடைக்காரன்.”

சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மச்சானின் மனைவி, அந்த மணியோடு சேர்ந்து முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

இவருடைய இடது கை பேனாவைத் தேடியது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் பேனா இல்லை. கரண்டுக்கு விலை படிக்கத் தெரியாது என்ற வசனத்தை வழியெல்லாம் மெருகேற்றிக்கொண்டு வந்திருந்தார். அதை விழுங்கினார்.

டீ வந்தது. “என்ன தம்பி, பாஸா ஃபெயிலா?”

“ஒயர்ல ஒரு குறையும் இல்லக்கா.”

“கேட்டியா?” என்றார் மச்சான்.

“ஆனா அடுத்தத வாங்கறதுக்கு முன்னாடி மச்சான் ஒருநாள் என் ரூமுக்கு வரணும்.”

“எதுக்கு? பீப் கேக்கவா?”

“ஆமா.”

மச்சான் டம்ளரைக் கீழே வைத்தார். “ஒயரப் பாக்கச் சொன்னா என் காதப் பாக்கறீங்களா மாப்ள?”

கேள்வி நியாயமானதுதான். டீயை யாரும் முழுதாகக் குடிக்கவில்லை.

பஸ்ஸில் பாதி வழி வந்தபின்தான், புது ஒயரை மாட்டிவிட்டு வரவில்லை என்பது நினைவுக்கு வந்தது. அவருடைய அறையில் எதையும் திரும்ப மாட்டும் வேலை கிடையாது. ஹெட்போனைக் கொக்கியில் தொங்கவிட்டால் முடிந்தது. போன் செய்யலாம். செய்தால், அப்படியானால் நான் எதற்குக் கை தூக்கினேன் என்று மச்சான் கேட்பார். போனை எடுத்தார். திரும்பப் பைக்குள் போட்டார்.

“என்னத்த உடைச்சீங்க?” என்றாள் மனைவி, கதவைத் திறந்ததும்.

“ஒண்ணும் உடைக்கல.”

“மூஞ்சில ஏதோ தெரியுதே.”

கல்யாணமான நாளிலிருந்து அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அதே வாரம், யாருக்கும் சொல்லாமல், மச்சான் பரிசோதனை அறை வாசலில் டோக்கனோடு உட்கார்ந்திருந்தார். உள்ளே வந்து ஹெட்போனைத் தானே மாட்டிக்கொண்டார். இவர் தீயணைப்பு உருளையைப் பார்த்தார். கீழ் ஸ்தாயிச் சத்தங்களுக்குக் கை சரியாக உயர்ந்தது. ஸ்தாயி மேலே மேலே போகப் போகத் தயங்கியது. பிறகு மடியிலேயே தங்கிவிட்டது. வேண்டுமென்றே சும்மாவும் இருந்து பார்த்தார். வழக்கத்தைவிட நீளமான சும்மா. ஒயர் மாட்டாமலே வெயிலைக் கண்ட மனிதர், போடாத சத்தத்துக்கு ஒருமுறைகூடக் கை தூக்கவில்லை. அது மட்டும் இவருக்கு விளங்கவே இல்லை.

“மேல் சத்தமெல்லாம் போயிருக்கு மச்சான். பட்டறைதான்.”

“அப்ப ஒயர்?”

“நல்ல ஒயர்தான்.”

“நல்ல ஒயர்தான்” என்றார் மச்சானும், சட்டைப் பையில் மூக்குக்கண்ணாடியைத் தேடியபடி.

காதுக்குப் பின்னால் மாட்டும் கருவி வந்து, அது பழகி, இன்னொரு ஞாயிற்றுக்கிழமை மச்சான் இவரை உட்கார வைத்துப் பாட்டுப் போட்டார். மணியின் இடம் வந்தது. விரல்கள் நிற்கவில்லை, மெல்லத் தட்டிக்கொண்டே போயின. பாட்டு முடிந்ததும் மச்சான் இவர் பக்கம் திரும்பினார்.

“ஒயர் செட்டாக நாளாகும்னு கடைக்காரன் அப்பவே சொன்னான் மாப்ள. நான்தான் அவசரப்பட்டுட்டேன்.”

இவர் ஆமாம் போட்டார். மரக்கட்டைகளின் மேல் ஒயர் பழையபடியே படுத்திருந்தது. அதன் ஒரு முனை எதிலும் மாட்டாமல் கிடக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் தான்தான் என்ற எண்ணத்தில், முகத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

அடுத்த ஒயர் வாங்கப்படவில்லை. அந்தப் பேச்சும் எழவில்லை.

வெகுநாள் கழித்து, துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே மச்சானின் மனைவி பேச்சோடு பேச்சாகச் சொன்னார். “அன்னிக்கு ஒயர் டெஸ்ட்டுக்கு நீங்க வந்துட்டுப் போன மறுநாள் காலையில பாட்டு ஓடிக்கிட்டிருந்துச்சு தம்பி. நாற்காலில ஆளக் காணோமேன்னு போய்ப் பாத்தேன். போர்வைக்குப் பின்னாடி தரையில உக்காந்திருக்காரு. பாட்டு பாட்டுக்கு ஓடுது, அந்தக் கட்டில் ஒயரோட முனை அவர் கையில இருக்கு.”