ரைட்டு என்றால் எந்தப் பக்கம்

நான் பயந்தாங்கொள்ளி. இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் எதுவும் கிடையாது. சாலை விஷயத்தில் தைரியசாலிகளைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயமும் கிடையாது. அதனால், பன்னிரண்டு வயது மகள் இனிமேல் பள்ளிக்கூடத்துக்கு சைக்கிளில்தான் போகப்போவதாக அறிவித்தபோது உடனே கூடாது என்றேன்.

கலிஃபோர்னியாவில், சான்டா கிளாராவில் எங்கள் வீட்டுக்கும் அவள் பள்ளிக்கும் அப்படியொன்றும் தூரமில்லை. நடுவில் ஒரே ஒரு எக்ஸ்பிரஸ்வேயைக் கடக்க வேண்டும். அந்த ஜங்ஷனை ஒட்டி ஏதோ ஒரு கம்பெனிக்குப் பெரிய கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கிறது. காலையில் மண் லாரிகளும் சிமென்ட் லாரிகளும் வரிசையாக வந்து அங்கேதான் வலப்பக்கம் திரும்பும். இந்த ஊரில் வண்டிகள் சாலையின் வலப்பக்கமாகத்தான் போகும், சைக்கிளுக்கும் வலது ஓரம்தான். மகள் அவற்றை டிரக் என்பாள். எனக்கு இன்னும் லாரிதான்.

மனைவி மகள் கட்சி. மகளை இறக்கிவிடப் பள்ளி வாசலில் கார் வரிசையில் நின்று நின்று அவளுக்கு அலுத்துப்போயிருந்தது. உங்கள் பயத்தைப் பிள்ளை மேல் ஏற்றாதீர்கள் என்றாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்றும் சேர்த்துக்கொண்டாள். பேயாக இருந்தால் பரவாயில்லை, அது பதினெட்டுச் சக்கரத்தோடு வராது என்றேன். கடைசியில், கொஞ்ச நாளைக்கு நானும் இன்னொரு சைக்கிளில் அவள் பின்னாலேயே போவது என்று முடிவாயிற்று.

பயந்தவனுக்குப் படிப்பு நன்றாக ஏறும். லாரிகள் திரும்புவதைப் பற்றி யூடியூபில் கிடைத்ததையெல்லாம் பார்த்தேன். சென்னையில் நான் சைக்கிள் மிதித்த காலத்தில் லாரியில் கிளீனர் என்று ஒருவன் இருப்பான். பக்கத்துத் தகரத்தைப் படபடவென்று தட்டி, ஓரம் போ என்று கத்துவான். திட்டினாலும் அவன் பார்த்துவிட்டான் என்பது நமக்குத் தெரியும். இங்கே டிரைவர் தனி ஆள். ஹாரனும் அடிக்க மாட்டார். இந்த ஊரின் அமைதிதான் என்னை அதிகம் பயமுறுத்துகிறது.

ஞாயிற்றுக்கிழமை காலி பார்க்கிங் லாட் ஒன்றில் மகளுக்குப் பாடம் எடுத்தேன். லாரிக்குப் பக்கத்தில் ஒருபோதும் நிற்காதே, பின்னாலேயே நில். அதன் கண்ணாடியில் டிரைவர் முகம் உனக்குத் தெரியவில்லை என்றால் நீ அவர் கண்ணுக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். நீளமான லாரி வலப்பக்கம் திரும்புவதற்கு முன்னால் கொஞ்சம் இடப்பக்கம் ஒதுங்கும். அப்போது ஓரத்தில் நமக்காகவே வழி விட்டது போல ஒரு இடம் திறக்கும். அதில் நுழைந்துவிடாதே, பின்சக்கரங்கள் அந்த இடத்தை வழித்துக்கொண்டு வரும். அவள் எல்லாவற்றுக்கும் ஐ நோ அப்பா என்றாள். உண்மையிலேயே தெரிந்துகொண்டுதான் இருந்தாள்.

அந்த வாரத்திலேயே ஒரு காலை, ஜங்ஷனில் சிவப்பு. முன்னால் நீளமான மண் லாரி ஒன்று வலப்பக்க இண்டிகேட்டரைப் போட்டுக்கொண்டு நின்றது. நான் சொல்லிக்கொடுத்தபடியே மகள் அதன் பின்னால் நின்றாள். அவளுக்குப் பின்னால் நான். பச்சை விழுந்தது. லாரி மெதுவாக நகர்ந்து இடப்பக்கம் ஒதுங்கியது. பாடத்தில் சொன்ன அந்த வழி அப்படியே திறந்தது. அவள் திரும்பிப் பார்க்காமலேயே கேட்டாள்.

"அப்பா, ஷுட் ஐ ஸ்டே பிஹைண்ட் ஹிம்?"

பின்னாலேயே நிற்கட்டுமா என்று கேட்கிறாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமையில் சொன்னேன். "ரைட்டு, ரைட்டு."

சரி, அப்படியே நில் என்று சொன்னதாக என் எண்ணம். கண்டக்டர் முதல் கலெக்டர் வரை எங்கள் ஊரில் சரி என்பதற்கு எல்லோரும் சொல்வது அதுதானே. அவள் சைக்கிள் வலப்பக்கம் திரும்பியது. லாரிக்கும் நடைபாதைக்கும் நடுவே திறந்திருந்த அந்த இடத்துக்குள் போனது.

வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. கனவில் மட்டும்தான் இப்படி நடக்கும் என்று நினைத்திருந்தேன். லாரியின் முன்பகுதி அதற்குள் திரும்பிவிட்டது, பின்சக்கரங்கள் அவளை நோக்கி ஒதுங்கி வந்தன, ஒவ்வொன்றும் அவள் தோள் உயரம். பிறகு ஏதோ கத்தினேன். என்ன கத்தினேன் என்று இன்றுவரை தெரியாது. அவள் சைக்கிளை அப்படியே விட்டுவிட்டு நடைபாதைப் புல்லில் போய் விழுந்தாள். சைக்கிளின் பின்சக்கரம் அப்பளம் போல நொறுங்கியது. லாரி நிற்கவில்லை, டிரைவருக்கு எதுவும் தெரிந்திருக்காது.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பார்கள். அவளுக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும்தான். அவள் அழவில்லை. நான்தான் புல்லில் உட்கார்ந்து, அவள் கையைக் காலைத் தடவித் தடவிப் பார்த்து அழுதேன். போகக் கூடாதென்று தெரிந்தும் ஏன் போனாய் என்று கேட்டேன்.

"யூ செட் ரைட், அப்பா." அவள் குரல் அப்போதுதான் நடுங்கியது. "எனக்குத் தெரியாத ஏதோ உனக்குத் தெரிஞ்சிருக்குன்னு..." என்று தமிழில் ஆரம்பித்து, முடிக்க முடியாமல் நிறுத்திக்கொண்டாள்.

ரைட்டு என்றால் சரி என்று அர்த்தம் என்று விளக்கினேன். அப்படியானால் வலப்பக்கத்துக்கு என்ன சொல்வாய் என்று கேட்டாள். யோசித்தேன். அதற்கும் ரைட்டுதான். காரில் அவள் அம்மா எனக்கு வழி சொல்லும்போது ரைட்டுல திரும்புங்க என்றுதான் சொல்வாள், வலது என்று நாங்கள் பேசிப் பல வருஷம் இருக்கும். தெரிந்த பாடத்தை விட்டுவிட்டு அப்பா சொன்னார் என்று போயிருக்கிறாள். 

இந்தத் தடவை மனைவியும் என் கட்சிக்கு வந்துவிட்டாள். இனி காரில்தான் என்றோம். மகள் ஒப்புக்கொள்ளவில்லை. தப்பு தான் ஓட்டியதில் இல்லை என்று நாள்கணக்கில் வாதாடினாள். அவள் சொன்னது நியாயம்தான், அதுதான் எரிச்சலாக இருந்தது. கடைசியில் அவளே ஒரு நிபந்தனை போட்டாள். ரோட்டில் மட்டும் தன்னிடம் இங்கிலீஷில் பேச வேண்டும். வீட்டுக்குள் தமிழைத் தவிர வேறு பேசக் கூடாது என்று அவள் பிறந்ததிலிருந்து சட்டம் போட்டு வைத்திருப்பவன் நான். இந்த மொழியைக் கொடுக்க அவளோடு போட்ட சண்டை கொஞ்சநஞ்சமல்ல. அது வலித்தது. ஆனாலும் மறுபேச்சு பேசவில்லை, ஓகே என்றேன்.

புதுச் சக்கரம் மாட்டிய பிறகு ஒரு திங்கட்கிழமை மறுபடி அதே ஜங்ஷனுக்குப் போனோம்.  முன்னால் ஒரு சிமென்ட் லாரி திரும்புவதற்காக நின்றது. வெயிட் என்றேன். நின்றாள். லாரி முழுக்கத் திரும்பிப் போகும்வரை பார்த்துவிட்டு, கோ என்றேன். போனாள். அந்த அகலமான சாலையைக் கடந்து மறுபக்கம் ஏறி நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

எனக்குத்தான் கால் வரவில்லை. பெடலில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்றேன். பச்சை போவதற்குள் அவளிடம் போய்விட வேண்டும் என்ற அவசரத்தில், பின்னால் பார்க்காமல் மிதிக்க ஆரம்பித்தேன். எதிரிலிருந்து அவள் குரல் வந்தது. அவ்வளவு தெளிவான தமிழை அவள் வாயில் நான் கேட்டதில்லை.

"நில்லுப்பா. வராத, அங்கயே நில்லு."

நின்றேன். இடப்பக்கம் பின்னாலிருந்து ஒரு மண் லாரி வந்து, என் முன்சக்கரத்துக்கு முன்னால் அப்படியே வலப்பக்கம் திரும்பியது. நீளமான லாரி. அது கடந்து முடிகிறவரை மகள் என் கண்ணுக்குத் தெரியவில்லை. குரல் மட்டும் அந்தப் பக்கத்திலிருந்து வந்துகொண்டே இருந்தது.

"இருப்பா. இன்னும் வராத. இன்னும் வராத."