பித்தளையைத் தொட்டுவிட்டுப் பேசுகிறவர்

என் தேநீர்க் கடைக்குள் நுழைந்ததும் விஸ்டின் கவுண்ட்டர் ஓரத்துப் பித்தளைக் குழாயில் உள்ளங்கையை வைக்கிறார். அதற்குப் பிறகுதான் யாருக்கும் கை கொடுப்பார். பாதிரியாரே எதிரில் நின்றாலும் இதுதான் வரிசை. கோயிலில் இரும்புக் கிராதியைத் தொட்டுவிட்டுத்தான் தீர்த்தத்தில் விரல் வைப்பார். மகள் கல்யாணத்தன்று, மணப்பெண்ணை முத்தமிடுவதற்கு முன் காரின் கதவுப்பிடியைத் தேடிக்கொண்டு ஓடியதைப் பார்த்து ஊரே சிரித்தது. "என்கிட்ட வரணும்னாகூட முதல்ல தண்ணிக் குழாயைத் தொட்டுட்டுத்தான் வருவாரு. இந்த வீட்ல குழாய்க்கு அடுத்தவதான் நான்" என்பார் அவர் மனைவி செட்டா, மீன் வண்டிக்கு முன்னால் நின்றுகொண்டு, நாலு பேர் காதுபட.

உடம்பில் தங்கியிருக்கிற மின்சாரத்தை இறக்கிவிடுகிறாராம். ஊருக்கு வெளியே வாணவெடி செய்யும் எங்கள் கொட்டகையின் வாசலில், மருந்தில் பொறி விழாமலிருக்க, இதற்காகவே செப்புத் தகடு அடித்திருக்கிறது. உள்ளே போகிற எல்லோரும் தொட்டுவிட்டுத்தான் போவார்கள். அந்தப் பழக்கத்தை வாசலோடு விடாமல் ஊர் முழுக்கக் கொண்டுவந்தவர் இவர் ஒருவர்தான். நைலான் சட்டை போட மாட்டார், கம்பளி ஆகாது. குளிர்காலத்தில் பருத்திச் சட்டையை மூன்றடுக்காகப் போட்டுக்கொண்டு முட்டைக்கோஸ் போல வருவார்.

பிழைப்புக்கு டைல்ஸ் போடுகிறார். வேலை முடிந்தால் கொட்டகை. சம்பளம் கிடையாது, கேட்டால் கோபம் வரும். எங்களுக்கும் அடுத்த ஊருக்கும் ஆகஸ்டில் ஒரே நாளில் மாதா திருவிழா. இந்த மால்டாத் தீவில் ஓர் ஊருக்கு இதைவிடப் பெரிய சோதனை வர முடியாது. யார் விட்ட வாணம் வட்டமாக விரிந்தது, யாருடையது கோணலாகப் போனது என்று அடுத்த திருவிழா வரை பேசித் தீர்க்க வேண்டும். பேசுகிறவர்கள் இந்த நேனுவின் கடையில்தான் பேசுகிறார்கள், அதனால் எனக்கு நஷ்டமில்லை. வெடி என்றால் எனக்குத் தொடை நடுங்கும். கொட்டகைக்கு நான் கொண்டுபோவது தேநீரும் டூனா மீன் வைத்த ரொட்டியும் மட்டும்தான்.

வானத்தில் பூ வட்டமாக விரிவது காகிதத்தின் கையில் இருக்கிறது என்பார் விஸ்டின். மருந்து அடைத்து மூடிய உருண்டையின்மேல் பழுப்புக் காகிதப் பட்டையைப் பசை தடவி ஒட்டி, வெயிலில் காயவைத்து, மறுபடி ஒட்ட வேண்டும். ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலிந்தால் மெலிந்த பக்கம் முதலில் வாயைப் பிளந்துவிடும், பூ கோணிக்கொள்ளும். தரையில் ஓட்டுக்கு ஓடு இடைவெளி மயிரிழை மாறினாலும் பெயர்த்துப் போடுகிற மனிதர் அவர். வானத்தில் கோணலைப் பார்த்தால் அவருக்குப் பல் கூசும்.

முன்பெல்லாம் ஒட்டும் வேலை கொட்டகை முற்றத்தில், கரோப் மரத்தடிக் கல்மேசையில் நடக்கும். ஆறேழு பேர் உட்காருவார்கள். அதில் தலைமைப் பேச்சாளர் ஸ்பிரு. செட்டாவின் அண்ணன், விஸ்டினுக்கு மச்சான். கப்பல் பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர், பட்டறையை மூடியதும் வீட்டுக்கு வந்தவர், மனைவி இல்லை. கொட்டகைக்கு வெளியே வாயில் சிகரெட் இல்லாத ஸ்பிருவை நான் பார்த்ததில்லை என்பதால் அவரை மருந்து கலக்கிற பக்கம் யாரும் சேர்த்ததும் இல்லை. கேட்டுக்கு வெளியே அத்திமரத்தில் ஒரு துணிப்பை தொங்கும். சிகரெட்டையும் லைட்டரையும் அதில் போட்டுவிட்டு, பெருமூச்சோடு உள்ளே வந்து உட்காருவார். உட்கார்ந்தால் எழுந்திருக்கும்வரை பேச்சு. பழைய கப்பல் தலைவன் ஒருவன் பல்செட்டைக் கடலில் தொலைத்த கதையை நானே பலமுறை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் பல்செட் வேறொரு மீனின் வயிற்றில் கிடைக்கும்.

"கதை முடியறதுக்குள்ள உன் உருண்டைக்குத் தொந்தி விழுந்துடுச்சு பாரு மச்சான்" என்று விஸ்டின் உருண்டையை வாங்கித் திருப்பிப் பார்ப்பார்.

"உனக்கு விழுந்தா அழகு, உருண்டைக்கு விழுந்தா குத்தமா?" என்பார் ஸ்பிரு. மரத்தடியே குலுங்கும்.

மூன்று வருடத்துக்கு முன் விஸ்டின் திருவிழாக் கமிட்டியோடு சண்டை போட்டு, சிசிலியிலிருந்து ஒட்டும் மெஷினை வரவழைத்தார். சின்ன மூன்று உருளைகளின்மேல் உருண்டை உட்கார்ந்து சுழலும். காகித நாடா ஈரப் பஞ்சைத் தொட்டுக்கொண்டு வந்து தானாக அதைச் சுற்றும். சுற்றச் சுற்றக் கோணம் மாறும், ஓரிடம்கூட விட்டுப்போகாது. பொறி பறக்கும் என்று மோட்டாரைச் சுவருக்கு அந்தப் பக்கம் வைத்துத் துளை வழியாக பெல்ட் விட்டிருக்கிறார்கள். முதல் உருண்டை கடைந்தெடுத்த மாதிரி வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். சந்தோஷம் தலைக்கேறிய விஸ்டின் திரும்பிப் பார்த்து, "இனிமே உங்க எல்லாருக்கும் லீவுடா!" என்று கத்தினார்.

எல்லோரோடும் சேர்ந்து ஸ்பிருவும் சிரித்தார். பிறகு குழாயடிக்குப் போய் விரலிடுக்கிலிருந்த பசையெல்லாம் போகக் கை கழுவினார். அத்திமரத்துப் பையை அவிழ்த்து எடுத்துக்கொண்டு போனார். பையையே எடுத்துக்கொண்டு போகிறாரே என்று எனக்கு அப்போதே ஒரு மாதிரியாக இருந்தது. மறுநாள் அவர் வரவில்லை. கதை இல்லாத மேசைக்கு மற்றவர்களும் எதற்கு வரப்போகிறார்கள்?

அந்த ஆகஸ்டில் எங்கள் பூக்கள் வட்டமாக விரிந்தன. அடுத்த ஊர்க்காரர்களே வாயடைத்துப்போனார்கள். விஸ்டினைத் தோளில் தூக்கினார்கள். ஆனாலும் அவர் என் கடைக்கு வந்து எதையாவது சொல்லிப் புலம்பாத நாள் இல்லை. தட்டிலிருக்கும் ஆரஞ்சுப் பழத்தை எடுத்து, கைத்துடைப்புக் காகிதத்தை நீளமாகக் கிழித்துத் தண்ணீரில் நனைத்து, அதன்மேல் பட்டை பட்டையாகச் சுற்றிக்கொண்டே சொல்வார்: "லீவுன்னுதான சொன்னேன், நேனு. போன்னு சொல்லலியே." பழத்தைத் திருப்புவார். "வட்டமாத்தான் விழுது. நல்லா இருக்குடான்னு சொல்றதுக்குப் பக்கத்துல ஒரு நாதியில்ல." என் ஆரஞ்சுகளைக் காகிதத்தை உரித்துத்தான் விற்கவேண்டியிருக்கிறது.

ஸ்பிரு எங்கேயும் போய்விடவில்லை. தினமும் என் கடையில் ஜன்னலோர மேசையில் சீட்டாடுகிறார். இருவரும் பேசிக்கொள்வார்கள், மழையைப் பற்றி, மீன் விலையைப் பற்றி. கொட்டகையைப் பற்றி மட்டும் இல்லை. பெரிய உருண்டை மெஷினில் நிற்கவில்லை என்று ஒருநாள் விஸ்டின் தூண்டில் போட்டுப் பார்த்தார். "ரோலரை இன்னும் கொஞ்சம் அகட்டி வை" என்றார் ஸ்பிரு, சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இந்த வருடம் ஈஸ்டர் கழிந்த வாரம் விஸ்டின் ஓடிவந்தார். பித்தளையைத் தொட்டார். "மெஷின் செத்துப்போச்சு மச்சான். கொஞ்சம் வந்து பாக்குறியா?" என்றார்.

ஸ்பிரு எழுந்தார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஃபிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன். போய்ப் பார்த்தால், கரோப் மரத்தடிக் கல்மேசையைக் கழுவித் துடைத்திருக்கிறது. காகிதப் பட்டைகள் ஒரே அளவில் நறுக்கி அடுக்கியிருக்கின்றன. வாளியில் புதிதாகக் காய்ச்சிய மாவுப்பசை. எதிரெதிராக இரண்டு நாற்காலிகள், ஒன்றில் மெத்தை. அத்திமரத்தில் புதுத் துணிப்பை ஒன்று. எந்த மடையனுக்கும் விஷயம் புரியும்.

ஸ்பிரு சிகரெட்டைப் பையில் போட்டார். செப்புத் தகட்டைத் தொட்டார். மேசையைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார். நேராகச் சுவருக்கு அந்தப் பக்கம் போய், மோட்டாரடியில் குனிந்து, ஸ்பேனர் கேட்டு வாங்கி போல்ட்டை முடுக்கினார். பெல்ட் இறுகியது. ஓட்டிப் பார்க்கச் சொல்லி ஓர் உருண்டை சுற்றி முடியும்வரை பக்கத்தில் நின்றார்.

"நல்ல மெஷின்டா" என்றார். "இனி படுத்தாது."

கை கழுவினார், போய்விட்டார். விஸ்டின் ஸ்பேனரோடு நின்றார். பசை ஆடை கட்டும்வரை நின்றார். நான்தான் தேநீரைக் கையில் திணித்தேன்.

மறுநாள் காலையில் கடையில் வேறு யாரும் இல்லாதபோது ஸ்பிரு சொன்னார்: "போல்ட் தானா கழலல நேனு. ஸ்பேனர் பட்ட தடம் புதுசா மின்னுது."

"தெரிஞ்சும் ஏன் உக்காரல?"

"மெஷினுக்கு உடம்பு சரியில்லைன்னு கூப்பிட்டான், மெஷினைப் பாத்துட்டு வந்தேன். என்னைக் கூப்பிட்டிருந்தா உக்காந்திருப்பேன்." சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டார். "மெத்தையெல்லாம் போட்டு வெச்சிருந்தான், மடப்பய." கண் கலங்கியதைப் புகையின் தலையில் போட்டார்.

என் வயிற்றில் எதுவும் தங்காது. அன்று மாலையே விஸ்டினிடம் சொல்லிவிட்டேன். ஆரஞ்சைச் சுற்றிக்கொண்டிருந்த கை நின்றது.

"ஒரே ஒரு வார்த்தைதானா?"

"வா மச்சான்னு கூப்பிடணும். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானே" என்றார். அந்த வாரம் முழுக்க அவர் தரையில் ஓடு பதிக்கும்போது தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தார். இஸ்திரி போட்ட பருத்திச் சட்டை. பித்தளையைத் தொட்டார். நேராக ஜன்னலோர மேசைக்குப் போனார். சீட்டாடுகிறவர்களுக்கும் எப்படியோ தெரிந்திருந்தது, யாரும் சீட்டை இறக்கவில்லை. ஸ்பிரு சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். சொல்லித் தொலையேன் என்று நான் கவுண்ட்டருக்குப் பின்னால் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"மெஷின்..." என்றார் விஸ்டின்.

"மெஷினுக்கு என்ன?"

ஸ்பிருவின் தோளுக்கு நேராக விஸ்டினின் கை உயர்ந்து, அந்தரத்தில் நின்றது.

"ஒண்ணுமில்ல மச்சான். நல்லா ஓடுது."

ஸ்பிரு சிகரெட் சாம்பலைத் தட்டினார். பிறகு சீட்டைத் திருப்பிக் கையில் எடுத்தார். விஸ்டின் கவுண்ட்டருக்குத் திரும்பி வந்தார். நான் வைத்த தேநீரைத் தொடவில்லை. யாரையும் தொட்டிராத அந்தக் கையை மறுபடியும் பித்தளைக் குழாயில் பதித்து, எடுக்காமல் நின்றார்.