அடுப்படியில் நின்றவள்

பேய் பிசாசில் எனக்குத் துளியும் நம்பிக்கை கிடையாது. பக்கத்து வீட்டுக்காரி பயந்துபோய்த் தாயத்துக் கட்டிக்கொண்டபோது மாதக்கணக்கில் அவளைக் கேலி செய்தவள் நான். நீங்களும் சிரிப்பீர்கள், சிரித்துக்கொள்ளுங்கள், ஆனால் நடந்தது நடந்ததுதான்.

ஜெலுத்தோங்கில் எங்களுக்கு ஒரு வரிசை வீடு இருந்தது. தொழிற்சாலையில் ஆள் குறைத்தபோது என் கணவருக்கு வேலை போனது, பேங்குக்குக் கட்ட முடியவில்லை, வீடு லெலோங்குக்குப் போகப்போகிறது என்று சொல்லிவிட்டார்கள். ஏலத்தில் அடிமாட்டு விலைக்குத்தான் போகும், மீதிக் கடன் உங்கள் தலையில்தான் விழும், அதற்குள் நீங்களே விற்றுவிடுங்கள் என்றார் வீட்டு ஏஜெண்ட் ரமேஷ். இன்னொன்றும் கண்டிப்பாகச் சொன்னார். வீடு பார்க்க ஆள் வரும்போது நாங்கள் அங்கே இருக்கவே கூடாதாம். எங்கள் முகத்தைப் பார்த்தாலே அவசரம் தெரிந்து விலையை இறக்கிவிடுவார்களாம். அதனால் ஆள் வரும்போதெல்லாம் சாவியை அவரிடம் கொடுத்துவிட்டுத் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போய்விடுவோம்.

வந்தவர்கள் யாரும் திரும்பி வரவில்லை. கெடு நெருங்க நெருங்க எனக்குச் சோறு இறங்கவில்லை, செத்துப்போனால்கூடத் தேவலை என்றிருந்தது. அன்று காலை கோயில் படியில் உட்கார்ந்திருக்கிறேன், ரமேஷிடமிருந்து போன்.

"அக்கா, வீட்டுல நிக்காதீங்கன்னு எத்தன தடவலா சொல்றது? உங்களப் பாத்துட்டுத்தான் எல்லாரும் திரும்பிப் போறாங்க."

நான் கோயிலில் இருக்கிறேன் என்றேன். மணிச்சத்தம் அவருக்கும் கேட்டிருக்க வேண்டும், குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அப்ப அடுப்புகிட்ட நீலக் கைலியோட நிக்கிறது யாருக்கா?"

வீட்டில் கட்டியிருந்த நீலக் கைலியை மாற்றாமலேதான் நான் கோயிலுக்கு வந்திருந்தேன், நம்பினால் நம்புங்கள். அடித்துப் பிடித்து ஓடினோம். அடுப்படியில் யாருமில்லை. ரமேஷ் காருக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வந்தவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்களாம். விற்க மாட்டேன் என்பதுபோல் நான் தலையை ஆட்டினேனாம். விற்க மனமில்லாமல் நாடகமாடுகிறேன் என்று இத்தனை நாள் நினைத்தாராம்.

மனமில்லைதான், அதை யாரிடம் சொல்வது? அடுப்படித் தரையில் உட்கார்ந்து அழுதேன். பிறகு என்ன தோன்றியதோ, பாலை வைத்துப் பொங்கவிட்டு, எங்களைப் போகவிடு தாயே என்று அடுப்பைப் பார்த்துக் கும்பிட்டேன். உள்ளே வந்த கணவர் திகைத்து நின்றுவிட்டார்.

"பால் காய்ச்சுறது குடி வர்றதுக்கு. குடி போறப்ப யாராச்சும் காய்ச்சுவாங்களா?"

அந்த வாரமே வீடு விற்றுப்போனது. சுமதி என்று ஓர் ஆஸ்பத்திரித் தாதி, அவளும் புருஷனும் வாங்கினார்கள். லெலோங்கிலிருந்து தப்பித்தோம். தீவை விட்டுக் கடல் பாலத்துக்கு இந்தப் பக்கம், செபராங் ஜெயாவில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்தோம், எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

போன மாதம் சுமதி போன் செய்தாள். நல்ல பிள்ளை, தயங்கித் தயங்கித்தான் பேசினாள்.

"காலைல நீங்க வந்து பால் காய்ச்சிட்டுப் போறதுல எனக்கு வருத்தமில்லக்கா. வீட்டுக்காரருக்குத்தான் பிடிக்கல. உங்ககிட்ட இருக்கிற சாவிய மட்டும் கொடுத்துடுங்களேன்."

சரி கொடுத்துவிடுகிறேன் என்றேன், வேறென்ன சொல்வது? என்னிடம் சாவி ஏதும் இல்லை. வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து நான் பாலத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போனதே இல்லை.