எங்கள் ஏரிக்குப் பூநாரை வந்தது

போன தை மாதம் எங்கள் ஊர் ஏரிக்குப் பூநாரைகள் வந்தன. மூன்று மாநில எல்லையில், பேரிகைப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. அங்கே இந்தப் பறவையை அதற்குமுன் யாரும் பார்த்ததில்லை. ஊரே செல்போனைத் தூக்கிக்கொண்டு கரைக்கு ஓடியது. எனக்கு மட்டும் அது நல்ல சகுனமாகப் படவில்லை. ஏன் என்று சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் ராஜஸ்தானுக்குப் போய் வர வேண்டும்.

நானும் என் நண்பனும் ஒரே தெருவில் வளர்ந்து, ஒரே கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். விரல் நீள வெள்ளரிப் பிஞ்சை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, பீப்பாயில் அடைத்துக் கப்பலேற்றும் கம்பெனி. அந்தப் பிஞ்சை எங்கள் ஊரில் ஒருத்தரும் வாயில் வைக்க மாட்டார்கள். ஆனால் பாதி ஊருக்கு அதில்தான் சோறு. தூத்துக்குடியில் பருவம் தப்பிப் பெய்த மழையில் உப்பளங்கள் கரைந்துபோன ஒரு வருஷம், ராஜஸ்தான் உப்பு எப்படி என்று பார்த்து வரச்சொல்லி எங்கள் இருவரையும் அனுப்பினார்கள். அவனுக்கு இந்தி வரும். எனக்கு உப்பு தெரியும். அப்படித்தான் சாம்பர் ஏரிக்குப் போனோம்.

ஏரி என்றால் நமக்குக் கரை இருக்க வேண்டும், மதகு இருக்க வேண்டும், நிரம்பினால் வழிந்தோடக் கோடி இருக்க வேண்டும். அங்கே கண்ணுக்கு எட்டிய தூரம் வெறும் வெள்ளை. கடலுக்கும் அந்த ஊருக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது, ஆனாலும் காலடியில் உப்பு நொறுங்குகிறது. மழைக்காலத்தில் ஆறுகள் உள்ளே வருகின்றன. வெளியே போக வழி இல்லை. வெயில் தண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டு, அது கரைத்துக் கொண்டுவந்ததை அங்கேயே விட்டுவிடுகிறது. எத்தனை ஆயிரம் வருஷமாகவோ இதே வேலை. பாத்திகளில் தேங்கிய தண்ணீர் பீட்ரூட் அரிந்த தட்டைக் கழுவி ஊற்றியதுபோல் சிவந்து கிடந்தது. அது சாயமில்லை, அவ்வளவு உப்பிலும் பிழைத்துக் கிடக்கும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் என்று எங்களைக் கூட்டிப்போன ஜீப் டிரைவர் சொன்னார்.

அவரே ஒரு கதையும் சொன்னார். அந்த ஊர் அம்மன் ஒருநாள் மனம் குளிர்ந்து நிலம் முழுவதையும் வெள்ளியாக்கிக் கொடுத்தாளாம். ஜனங்கள் பயந்துபோய் அவள் காலில் விழுந்தார்கள். இதை வைத்துக்கொண்டு நாங்கள் வெட்டிக்கொண்டு சாவோம், திருப்பி எடுத்துக்கொள் தாயே என்றார்கள். அவள் வெள்ளியை உப்பாக்கிவிட்டுப் போனாள். அந்த உப்புக்கும் ஆசைப்பட்டு முகலாயர் வந்தார்கள், ராஜாக்கள் வந்தார்கள், வெள்ளைக்காரன் குத்தகைக்கு எடுத்துத் தண்டவாளம் போட்டான். என் நண்பன் கேட்டுவிட்டுச் சிரித்தான். "வேணாம்னு சொன்ன ஜனமும் இருந்துக்குது பாருடா!"

தூரத்தில் ரோஸ் நிறத்தில் ஒரு கோடு அசைந்தது. பூநாரைகள். தலையைக் கவிழ்த்து, அலகால் தண்ணீரைச் சலித்துச் சலித்துத் தின்றுகொண்டிருந்தன. நல்ல தண்ணீர் ஏரியை விட்டு இங்கே ஏன் வருகின்றன என்று அவன்தான் இந்தியில் கேட்டான். இதுகளுக்கு வேண்டிய தீனி உப்புத் தண்ணீரில்தான் விளையும், உப்பு எங்கே இருக்கிறதோ அங்கே இது இறங்கும் என்றார் டிரைவர். அதை எனக்குத் தமிழில் சொன்னவன் என் நண்பன். இது ரொம்ப முக்கியம், அதனால் இன்னொரு முறை சொல்கிறேன்: அவன் வாயால்தான் நான் அதைக் கேட்டேன்.

ஊர் திரும்பிய சில வருஷங்களில் நான் வேலையை விட்டுவிட்டு நிலத்தைப் பார்க்க வந்துவிட்டேன். ஏரிக்குக் கீழே எங்களுக்குக் கொஞ்சம் நிலம். கொத்தமல்லி, தக்காளி, ஒரு கிணறு. அவன் கம்பெனியிலேயே இருந்து மேலே போனான். கழிவுத் தண்ணீரைச் சுத்தம் பண்ணும் பிரிவு முழுக்க அவன் பொறுப்பில் வந்தது. கம்பெனி மேட்டில், ஏரி பள்ளத்தில். நம்மாள் அங்கே இருக்கிறான் என்று ஊரே நிம்மதியாக இருந்தது. நான்தான் எல்லோரையும்விட நிம்மதியாக இருந்தேன்.

முதலில் கொத்தமல்லியின் ஓரம் கருகியது. பிறகு முளைப்பே குறைந்தது. பாத்தி காய்ந்தால் மேலே வெள்ளையாகப் பூத்தது. உப்போ என்று சந்தேகப்பட்டு அவனைக் கூப்பிட்டேன். வந்தான், மண்ணைக் கையில் எடுத்து உதிர்த்துப் பார்த்தான். "உரத்த அள்ளிக் கொட்டிக்கிற மச்சான். யூரியாவ நிறுத்து. ஜிப்சம் போடு, சரியாயிடும்" என்றான். அவன் சொன்னால் எனக்கு வேதவாக்கு. போட்டேன். ஜிப்சம் உப்பு ஏறிய நிலத்துக்குப் போடுவது, யூரியா அதிகமானதற்கு இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. வியாதியின் பெயரை மறைத்துவிட்டு மருந்தை மட்டும் சொல்லிப் போயிருக்கிறான். அதை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

மூன்று போகம் கைவிட்டுப் போன பிறகுதான் பூநாரைகள் வந்தன.

எங்கள் ஊரில் ஏரி கோடி போனால் ஏரியைக் காக்கும் கங்கம்மாவுக்குப் பொங்கல் வைத்துக் கிடா வெட்டுவது வழக்கம். இந்த வருஷம் ஏரி பாதிகூட நிரம்பவில்லை. ஆனாலும் இப்படியொரு பறவையைக் கங்கம்மாதான் அனுப்பியிருக்கிறாள் என்று முடிவாகிவிட்டது. தெலுங்கு வீட்டுக்காரர்கள், கன்னட வீட்டுக்காரர்கள், நாங்கள் எல்லோரும் சேர்ந்து பொங்கல் வைத்தோம். கிடா வெட்டினோம். உப்புக்கு நன்றி சொல்லிக் கிடா வெட்டிய ஊர் உலகத்திலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும். கம்பெனி பந்தல் போட்டுக் கொடுத்தது. பறவைப் படம் போட்ட பெரிய பேனரும் அவர்களுடையதுதான்.

என் நண்பன் மைக்கைப் பிடித்தான்.

"எல்லாருக்கும் வணக்கம். இந்தப் பறவ கண்ட எடத்துல எறங்காது. தண்ணி சுத்தமா இருந்தாத்தான் வரும். நம்ம ஏரித் தண்ணி எப்படி இருக்குதுன்னு இதுங்களே சாட்சி சொல்ல வந்துக்குதுங்க."

கை தட்டினார்கள். என் மனைவியும் தட்டினாள். எனக்குச் சாம்பர் ஏரியில் இவன் வாயால் கேட்டதுதான் ஞாபகம் வந்தது. அதுவரை அவன்மேல் துளி சந்தேகம் இல்லை. தண்ணீரில் ஏதோ ஆகியிருக்கிறது, அவனுக்கும் தெரியாமல் நடந்திருக்கிறது, சொன்னால் துடித்துப்போவான் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் பேசி முடித்தபோது அந்த நினைப்பும் முடிந்துவிட்டது. தெரியாதவன் அப்படிப் பேச முடியாது. தெரிந்ததைத் தலைகீழாகத் திருப்பினால்தான் அப்படிப் பேச முடியும்.

சாப்பாட்டுப் பந்திக்குப் பின்னால் அவனை மடக்கினேன்.

"கம்பெனி உப்புத் தண்ணிப் பைப்பு எங்கேடா வுட்டுக்கிற?"

அவன் பதறவில்லை. சுற்றும் முற்றும் பார்த்தான்.

"ஏரிக்கு வர்ற ஓடையில. ராத்திரியில மட்டும். நான் இன்னா பண்ணுவேன், மேல இருந்து சொல்றாங்கோ."

"என் நெலம்டா அது. மண்ணைத் தொட்டுப் பாத்துட்டுத்தானே போன?"

"உனக்குத் தெரிஞ்சிடும்னு எனக்குத் தெரியும் மச்சான். பறவ எறங்கன அன்னிக்கே மேல இருக்கறவங்ககிட்ட சொல்லிட்டேன். ஊர்ல இத வெளங்கிக்கறவன் ஒருத்தன்தான், அவன் என் உயிர் சிநேகிதன், வாயத் தொறக்க மாட்டான், அதுக்கு நான் கேரண்டின்னு."

சொல்லிவிட்டு, பள்ளிக்கூட நாளில் போடுவதுபோல என் தோளில் கை போட்டான். அப்போதும் அவன் முகத்தில் என்மேல் உண்மையான பிரியம் இருந்தது.