வேலியோரம் வைத்த பஞ்சாரம்

இடுப்பில் எலும்புத் தட்டு விலகி, ரிக் வேலையை விட்டுவிட்டு நான் வீட்டோடு வந்து சேர்ந்த பிறகு நடந்தது இது. அதுவரை ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஒன்றில் டிரைவராக இருந்தேன். ஆந்திரா, மகாராஷ்டிரா, சத்தீஸ்கர் என்று போர் போடப் போன ஊர்களின் பெயரெல்லாம் எனக்குத் தெரியும். வெண்ணந்தூர்ப் பக்கம் இருக்கும் என் சொந்த ஊரில் யார் வீட்டில் என்ன நடக்கிறது என்பது மட்டும் தெரியாது. தீபாவளிக்கும் மாரியம்மன் பண்டிகைக்கும் விருந்தாளி மாதிரி வந்து போனவன்.

இனிமேல் பாரம் தூக்கக் கூடாது, வண்டியில் குலுங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகன் ஓசூரில் வேலையில் இருந்தான். மனைவி காலையில் சோறாக்கி வைத்துவிட்டு விசைத்தறிக் கூடத்துக்குப் போய்விடுவாள். அவள் போன பிறகு வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பேன். ரோட்டில் போகிறவர்கள் எல்லாம் இடுப்பு எப்படி இருக்கிறது என்று கேட்பார்கள். கேட்கக் கேட்கக் கூசும். பெண்டாட்டியைச் சம்பாதிக்க அனுப்பிவிட்டு இவன் நிழலில் உட்கார்ந்திருக்கிறான் என்று அவர்கள் நினைப்பதாகவே எனக்குத் தோன்றும்.

வீட்டில் மனைவி வளர்த்த நாட்டுக்கோழிகள் மூன்று இருந்தன. ஒரு வாரத்துக்குள் இரண்டு செத்துப்போயின. வெள்ளைக் கழிச்சல். மூன்றாவது, சாம்பல் நிறப் பெட்டை, இறக்கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு கொல்லையில் ஒரு மூலையில் நின்றது. பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தது. கண்ணைத் திறக்கவில்லை. தறிக்கூடத்திலிருந்து வந்த மனைவி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“ஏனுங்க, இதையும் முடிச்சு அதுகளோட பொதைச்சிருங்க. பாவம், எதுக்கு அவஸ்தப்படோணும். அக்கம்பக்கத்துக் கோழிக்கும் ஒட்டிக்கும்” என்றாள்.

நான் பார்த்துக்கொள்கிறேன், விடு என்றேன். கையில் எடுத்தபோது அது துணி மூட்டை மாதிரி கனமே இல்லாமல் இருந்தது. ஆனால் நெஞ்சு மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டது. வீட்டுக்கு வந்ததிலிருந்து என்னை எதிர்பார்த்து ஒரு காரியமும் நிற்கவில்லை. இது நின்றது.

மறுநாள் ஒரு பையில் வைத்து மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். கறவை மாடுகளோடும் ஆடுகளோடும் நின்றவர்கள் நடுவில் ஒற்றைக் கோழியோடு நின்றேன். இளம் வயது டாக்டரம்மா பொறுமையாகப் பார்த்தார். இந்த நோய்க்கு மருந்து கிடையாது, பிழைப்பது அதன் தெம்பைப் பொறுத்தது, சத்து மருந்து மட்டும் எழுதித் தருகிறேன் என்றார். செத்த கோழிகளைச் சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதைத்தேனா என்று கேட்டார். இதை வேறு யார் கோழியும் அண்டாத இடத்தில் அடைத்து வையுங்கள், இது தின்ற மிச்சம், குடித்த தண்ணீர் எதிலும் வேறு கோழி வாய் வைக்கக் கூடாது என்று இரண்டாம் முறையும் சொன்னார். நான் தலையாட்டினேன்.

முதலில் வாசலில்தான் வைத்திருந்தேன். சிமெண்டுத் தரை, கழுவிவிட வசதி, பக்கத்தில் எந்தக் கோழியும் வராது. சாக்கை விரித்துக் கோழியை விட்டு, மேலே பஞ்சாரம் என்கிற மூங்கில் கூடையைக் கவிழ்த்தேன். கம்பு மாவைக் கஞ்சியாகக் காய்ச்சி, ஊசியைக் கழற்றிய சிரிஞ்சில் உறிஞ்சி, மடியில் வைத்து அலகைப் பிளந்து துளித்துளியாக விடுவேன். வேகமாக விட்டால் மூச்சுக் குழலுக்குள் போய்விடும். விழுங்கும்வரை காத்திருந்து அடுத்த துளி. வேப்பிலையும் மஞ்சளும் சின்ன வெங்காயமும் அரைத்து மிளகளவு உருட்டிக் கொடுப்பதும் உண்டு. அதோடு பேசிக்கொண்டும் இருப்பேன். ரிக் வண்டியைத் தனியாக ஓட்டிப் பழகியவனுக்குப் பேச்சு தானாக வரும்.

ஒரு நாள் டீக்கடைச் சிநேகிதர்கள் இரண்டு பேர் பைக்கில் போனவர்கள் நிறுத்திப் பார்த்தார்கள். பாறையில் ஆயிரம் அடி இறக்கினவன் இப்போது கோழிக்குப் பாலூட்டுகிறான் என்று ஒருவன் சொல்ல, இன்னொருவன் சிரித்தான். கேலிதான், பகை ஒன்றுமில்லை. நானும் சேர்ந்து சிரித்தேன். அவர்கள் போன பிறகு காதெல்லாம் சுட்டது. அன்றைக்கு மத்தியானமே பஞ்சாரத்தைத் தூக்கிக் கொல்லைக்குக் கொண்டுபோய், யார் கண்ணுக்கும் படாத இடமாகப் பார்த்து, கிளுவைச் செடி வேலியோரம் வைத்தேன்.

அந்த வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு அக்காவின் கொல்லை. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், கணவர் இல்லை. ஒரே மகளை எடப்பாடியில் கட்டிக் கொடுத்திருந்தார். கல்யாணமாகிப் பல வருடம் குழந்தை இல்லாமல் இருந்து, அந்தப் பெண் அப்போதுதான் முழுகாமல் இருந்தாள். ஆறாவது மாதம். அக்கா முனியப்பனுக்கு ஒரு சேவலை நேர்ந்துவிட்டிருந்தார். செம்பட்டையும் கருப்புமாக, வால் வளைந்து தரையைத் தொடும். சாமிக்கு விட்டது என்பதால் யார் வீட்டுக் களத்தில் மேய்ந்தாலும் யாரும் விரட்ட மாட்டார்கள். பிள்ளை பிறந்து நல்லபடியாக வீடு வந்ததும் கோயிலில் பலி கொடுப்பதாக வேண்டுதல்.

அக்காவின் கோழிகள் வேலிச் சந்தில் புகுந்து வரும். சிந்திய கஞ்சியைக் கொத்தும். முதலில் விரட்டினேன். பிறகு ஒன்றைக் கவனித்தேன். அவை பக்கத்தில் வந்தால் என் கோழி கண்ணைத் திறந்தது. கெக்கெக்கென்று மெல்லச் சத்தம் கொடுத்தது. கூட்டத்தைப் பார்த்துத் தெம்பு வருகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு விரட்டுவதை விட்டுவிட்டேன். டாக்டரம்மா சொன்னது மறக்கவில்லை. மறந்துபோனேன் என்றாவது சொல்ல முடிந்தால் நன்றாக இருக்கும்.

என் கோழி பிழைத்துக்கொண்டது. கழிச்சல் நின்றது, எழுந்து நின்றது. ஆனால் கழுத்து திருகிக்கொண்டு வானத்தைப் பார்த்தது. தீனியைக் கொத்தப் போனால் பின்பக்கமாக நடந்தது. அப்படியும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மகனுக்கு வீடியோ எடுத்து அனுப்பினேன்.

அந்த வாரமே அக்கா வீட்டுக் கோழிகள் தூங்கி விழ ஆரம்பித்தன. ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. சேவல் கடைசிவரை தாக்குப்பிடித்தது. ஒரு நாள் காலையில் அதன் கூவல் கேட்கவில்லை. வேலிக்கு அப்பால் மண்வெட்டிச் சத்தம் கேட்டது.

போகாமல் இருக்க முடியவில்லை. சுற்றிக்கொண்டு போனேன். அக்கா எலுமிச்சை மரத்தடியில் குழி வெட்டிக்கொண்டிருந்தார். சேவலை ஒரு மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருந்தார். மண்வெட்டியை வாங்கப் போனேன். இடுப்புக்கு ஆகாது, வேண்டாமென்றார். வம்பாக வாங்கி வெட்டினேன். இரண்டு வெட்டிலேயே வலி கால்வரை இறங்கியது. அது கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

“அக்கா, இது எங்கோழிகிட்ட இருந்து வந்ததுங்க. டாக்டரம்மா தள்ளி வெக்கச் சொன்னாங்க. நாந்தான் கேக்கல” என்றேன். தலையை நிமிர்த்தவில்லை.

“தெரியுங்க தம்பி” என்றார்.

மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றேன்.

“வேலியோரம் நீங்க வெச்ச அன்னைக்கே பாத்தேன். வேலிய விட்டுத் தள்ளி எடுத்து வைங்கன்னு சொல்லலாம்னு வேலிவரைக்கும் வந்தனுங்க. நீங்க அதை மடியில வெச்சு வாயத் தொறந்து கஞ்சி ஊத்திட்டு, அதுகிட்ட என்னமோ பேசிட்டிருந்தீங்க. வேல போயி ஊட்டோட கெடக்கற மனுசன், அதுலயாவது ஒரு நெனப்பா இருக்காருன்னு தோணுச்சு. எப்படிங்க சொல்றது? திரும்பிப் போயிட்டேன்.”

அவர் திட்டியிருக்கலாம். ஊர் கேட்க மண்ணை வாரித் தூற்றியிருக்கலாம். ரோட்டில் போகிறவர்களுக்குப் பயந்து நான் ஒளிந்துகொண்ட இடத்தில், என்னை ஒருவர் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். பார்த்து, இரக்கப்பட்டு, அந்த இரக்கத்துக்காகத் தன் மகளுக்கு நேர்ந்துவிட்ட சேவலையே இழந்திருக்கிறார். குழியை மூடிவிட்டு எப்படி வீட்டுக்கு வந்தேன் என்று நினைவில்லை.

மனைவியிடம் சொன்னேன். அவள் சத்தம் போடவில்லை. “நான் இனி அக்கா மொகத்துல எப்படி முழிக்கிறது” என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பிறகு வெகு நாள் அவள் தறிக்கூடத்துக்கு அக்கா வீட்டு வழியாகப் போகவில்லை. ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு போனாள். என்னால் அவள் கூடுதலாக நடக்கிறாள் என்பதைத் தினமும் காலையில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே பார்த்தேன்.

அடுத்த சந்தையில் அதே நிறத்தில் ஒரு சேவல் தேடிப் பிடித்து அக்கா வீட்டுக்குக் கொண்டுபோனேன். அக்கா அதைத் தடவிப் பார்த்தார். நல்ல சேவல் என்றார். பிறகு, “வேண்டிக்கிட்டவ நானுங்க தம்பி. நீங்க வாங்கிக் குடுத்தா அது உங்க வேண்டுதலாப் போயிரும்” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். கோபமாகச் சொல்லவில்லை. நடைமுறையைச் சொல்வது மாதிரிதான் சொன்னார். ஜேடர்பாளையத்தில் இருந்த தங்கையிடம் சொல்லி ஒரு சேவல் குஞ்சு வாங்கி வந்து, முதலிலிருந்து வளர்க்க ஆரம்பித்தார்.

நேர்ந்துவிட்ட சேவல் செத்தால் நல்லதில்லை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். எனக்கு அதிலெல்லாம் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அக்கா வீட்டில் செல்போன் அடித்தால் வேலியோரம் போய்க் காது கொடுத்து நிற்பேன். அக்கா மகளுக்குக் கால் வீங்கியிருக்கிறது என்று ஒரு முறை மனைவி கேள்விப்பட்டு வந்து சொன்னாள். அன்றைக்கு என் கோழியைப் பார்க்கவே பிடிக்கவில்லை. தீனியைப் போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அது திருகிய கழுத்தோடு என் காலைச் சுற்றிச் சுற்றி வந்தது. அதை அறுத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். எனக்குத் தலைகுனிவாக இருக்கிறது என்பதற்காக அதைக் கொல்வதா என்று அதற்கும் வெட்கப்பட்டேன்.

பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நலம். மனைவி தறிக்கூடத்திலிருந்து போன் போட்டுச் சொன்னபோது அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது. அது அந்தக் குழந்தைக்காக வந்த தண்ணீர் இல்லை, நான் தப்பித்ததற்கு வந்தது என்று எனக்கே தெரிந்தது.

சில மாதங்கள் கழித்து முனியப்பன் கோயிலில் பூசை. அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து இருவரையும் அழைத்தார். போகாமல் இருக்க ஏதாவது காரணம் கிடைக்குமா என்று யோசித்தேன். மனைவி, போகாவிட்டால்தான் அசிங்கம் என்றாள்.

கோயில் ஆலமரத்தடியில் பத்து இருபது பேர் இருந்தார்கள். புதுச் சேவல் முன்னதைவிடச் சின்னது. பூசாரி மாலை போட்டுத் தலையில் மஞ்சள் தண்ணீர் தெளித்தார். உடம்பைச் சிலிர்த்து உதறினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம். அது உதறவில்லை. இன்னொரு தடவை தெளித்தார். அசையாமல் நின்றது. அக்கா கையைக் கூப்பிக்கொண்டு கண்ணை மூடியிருந்தார், உதடு மட்டும் அசைந்தது. நான் எல்லோருக்கும் பின்னால் போய் நின்றுகொண்டேன். மூன்றாவது முறை தெளித்தபோது சேவல் தலையிலிருந்து வால்வரை ஒரு உதறு உதறியது. கூட்டம் மூச்சு விட்டது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு குழந்தையைச் சாமி முன்னால் கிடத்தினார்.

பந்தியில் அக்காவே வந்து என் இலையில் குழம்பு ஊற்றினார். நன்றாகச் சாப்பிடச் சொன்னார். குனிந்தபடியே சாப்பிட்டேன். கை கழுவிக்கொண்டிருந்தபோது அவர் மகள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தாள். சின்ன வயதில் பார்த்தது. முகமெல்லாம் சிரிப்பாக இருந்தாள். அம்மா அவளிடம் என்ன சொல்லியிருந்தார், என்ன சொல்லாமல் விட்டிருந்தார் என்று அவள் பேசிய பிறகுதான் புரிந்தது.

“மாமா, சாகப்போன கோழிய மடியில வெச்சுப் பாத்துப் பொழைக்க வெச்சீங்களாமா. அம்மா போன்ல சொல்லிச் சொல்லி மாளலீங்க. இப்ப நல்லாருக்குதுங்களா?”

கொஞ்சம் தள்ளி இலை எடுத்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். பிறகு குனிந்துகொண்டார்.

“நல்லாருக்குது சாமி” என்றேன்.