கும்மலும் சீரகமும்

பத்தொன்பது வருடமாக சுவிஸின் வின்டர்தூரில் என்னை ஒருவரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. தயாபரன் என்று நல்ல பெயர் இருக்கிறது. விசா அட்டையிலும் இருக்கிறது, தபால்பெட்டியிலும் இருக்கிறது. ஆனால் கோயிலிலும் கடையிலும் நான் ‘கும்மல்’. தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் கும்மல் மாமா. பெயரை வைத்தவர் மனோகரியக்கா. எங்கள் கட்டடத்தில் அவர் நான்காம் மாடி, நான் இரண்டாம் மாடி.

நடந்தது இதுதான். ஒரு சனிக்கிழமை அக்கா கறித்தூளுக்கு மல்லியும் செத்தல் மிளகாயும் வறுத்து முடித்த நேரம், அவர் வேலை செய்யும் முதியோர் இல்லத்திலிருந்து அவசரமாகக் கூப்பிட்டார்கள். “சின்னச்சீரகம் முடிஞ்சுபோச்சு. வாங்கி வறுத்து, எல்லாத்தையும் சேர்த்து அரைச்சு விடும்” என்று சொல்லிவிட்டு ஓடினார். தமிழ்க்கடை பூட்டு. சுவிஸ்காரரின் கடையில் ‘கும்மல்’ என்று எழுதிய பைகளை வாங்கினேன். பார்வைக்குச் சீரகமேதான். சீரகத்துக்கு இங்கே குறொய்ட்ஸ்கும்மல் என்று பெயர், வெறும் கும்மல் இவர்கள் பாணுக்குப் போடுகிற வேறு விதை என்பது எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு எப்படித் தெரியும்? அந்தத் தூளில் வைத்த மீன்குழம்பு பேக்கரி மாதிரி மணந்தது. “உமக்கு மூக்கு மணக்கிறதுக்கோ, கண்ணாடி கொழுவிறதுக்கோ?” என்று பத்துப் பேருக்கு முன்னால் கேட்டார். பெயர் ஒட்டிக்கொண்டது.

அவருக்கு மூக்கு இருந்தது. அதை மறுக்க மாட்டேன். லிஃப்டில் ஏறினாலே எந்த மாடியில் என்ன கறி என்று சொல்வார். இருபத்திரண்டு வருடம் முதியோர் இல்லத்தின் சலவை அறையில் வேலை. ஒருமுறை மெஷினுக்குப் பின்னால் வயர் கருகுவதை அலாரத்துக்கு முன்பே பிடித்தவர். தூள் வறுக்கும்போது தாச்சியைப் பார்க்கவே மாட்டார். நிறத்தை நம்பக்கூடாது, மணம்தான் சொல்லும் என்பார். பன்னிரண்டு வீட்டில் அவருடைய தூள்தான். வறுப்பது பால்கனியில், கரண்ட் அடுப்பில், அதுவும் காற்று ரயில்பாதைப் பக்கம் அடிக்கிற நாளில் மட்டும். மேல்வீட்டுக்காரர் இருமி இருமிக் கடிதம் எழுதியதிலிருந்து அந்தக் கட்டுப்பாடு.

போன மாசியில் அவர் தந்த தூள் கைத்தது. கருகல். உண்மையைச் சொன்னால் எனக்குச் சந்தோஷம். போத்தலைத் தூக்கிக்கொண்டு, லிஃப்டுக்கும் நிற்காமல் படியால் ஏறினேன்.

கதவு திறந்து கிடந்தது. பால்கனியில் தாச்சியில் மல்லி புகைந்துகொண்டிருந்தது. அக்கா அந்தப் புகைக்குள் நின்று, கீழே போகிற பஸ்ஸைப் பார்த்தபடி ஆறுதலாகக் கிண்டிக்கொண்டிருந்தார்.

“அக்கா, கருகுது!”

“கருகேல்லை.” பிறகு என் முகத்தைப் பார்த்தார். தாச்சியைப் பார்த்தார். அடுப்பை நிற்பாட்டினார்.

“மார்கழிக் காய்ச்சலோட போனது,” என்றார். “ஒண்டும் மணக்குதில்லை. டொக்டர் பொறுக்கச் சொல்லுறார். எங்க பொறுக்கிறது? பவதாரணிக்கு இன்னும் மூண்டு கிழமைதான் கிடக்கு.”

பவதாரணி அவருடைய ஒரே மகள். நொஷாட்டல் நகரத்தில் இருக்கிறாள். இது அவளுக்கு முதல் பிரசவம். பிள்ளை பெற்றவளின் பத்தியத்துக்குச் சரக்குத்தூள் தாயின் கையால் போக வேண்டும். மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள். அதில் கருகல் சேர்ந்தால் தாய்ப்பாலுக்குக் கூடாது என்பது அக்காவின் பயம். நான்கு தரம் வறுத்து, சரியா பிழையா என்று தெரியாமல் நான்கு தரமும் குப்பையில் கொட்டியிருந்தார். நான் போத்தலை ஜாக்கெட்டுக்குள் ஒளித்தேன்.

“மூண்டாம் மாடிச் சிவகலாவைக் கூப்பிடுங்கோவன்.”

“அவவுக்குச் சொன்னால் சூரிச் வரைக்கும் ஸ்பீக்கர் கட்டின மாதிரி. நீர் மணந்து சொல்லும்.”

“எனக்கு மூக்கில்லை எண்டு ஊரெல்லாம் சொன்னது ஆர்?”

“இப்ப எனக்கும் இல்லை. உம்மடையாவது புதுசு, பாவிக்காமல் கிடக்கு.”

காற்றுக்காக ஐந்து நாள் காத்திருந்தோம். அந்த ஐந்து நாளும் தலைக்கு மேலே அவர் நடக்கிற மாதிரியே எனக்கு இருந்தது, நடுவில் ஒரு மாடி இருந்தும். ஆறாம் நாள் போனபோது முதலில் பரீட்சை. இரண்டு கிண்ணத்தை நீட்டினார்.

“எது சீரகம்?”

ஒன்றில் கும்மலை வாங்கிப் போட்டிருந்தார், மனுசி. இடது கிண்ணத்தைத் தொட்டேன். அவருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அந்த மீன்குழம்புக்குப் பிறகு இரண்டையும் இரண்டு போத்தலில் வாங்கி வைத்து, கண்ணை மூடி மணந்து மணந்து பழகியவன் நான். ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

மல்லி தாச்சிக்குப் போனது. அவர் பால்கனிக்கும் குசினிக்குமாக நடந்தார்.

“இப்ப என்ன மணக்குது?”

“மல்லி.”

“மல்லியை வறுத்தால் மல்லிகையோ மணக்கும்? எப்பிடி மணக்குது எண்டு சொல்லும்!”

“நனைஞ்ச சாக்கு மாதிரி.”

உள்ளே போனார். வந்தார். “இப்ப?”

“வைக்கல்.”

ஜன்னலைத் திறந்தார், பூட்டினார். “இப்ப? கெதியாச் சொல்லும்!”

“தோடம்பழத் தோல்… ஒரேஞ்சை நகத்தால கிள்ளின மாதிரி.”

“இறக்கும்! இறக்கும், கும்மல்!”

மிளகும் சீரகமும் அப்படியே. அரைத்து, நாக்கில் வைத்துப் பார்த்தேன். கைக்கவில்லை. மூன்று தரம் கேட்டார். மூன்று தரமும் இல்லை என்றேன். நாலாம் தரம் கோபித்தேன்.

பிள்ளை நாலு நாள் முந்திப் பிறந்தது. தூள் டின்னைத் துணியால் சுற்றி நெஞ்சோடு அணைத்தபடி அக்கா ஸ்டேசனுக்கு வந்தார், பெட்டியை நான் இழுத்தேன். அன்று போனவர் இன்னும் திரும்பவில்லை. மூக்குப் போன கதையை அவரே டெலிபோனில் சிவகலாவுக்குச் சொல்லிவிட்டார். இனி அது ரகசியம் இல்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

அன்று ரயில் வந்து நின்றது. ஏறப்போனவர் படியில் நின்று திரும்பினார். பின்னால் ஆட்கள் நெரித்தார்கள். வறுத்தபோது போட்டிருந்த அதே கோட்டு. கோட்டுக் கையை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“கும்மல், நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் போறன், பிள்ளையைத் தூக்க வேணும். இந்தக் கோட்டை ஒருக்கால் மணந்து பாரும்.”