வளைந்த கோடு போட்ட விளக்கு

அப்பு, நீ போன பிறகு இன்றைக்குத்தான் உன் காரில் ஏறினேன்.

ஸ்டியரிங்குக்கு முன்னால், வளைந்த கோடு போட்ட அந்த மஞ்சள் விளக்கு மினுங்கினாலே, கெட்ட சகுனம் என்று வண்டியை ஓரங்கட்டி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவாயே. நீ காய்ச்சலில் எங்களை விட்டுப் போனபோது, அது முன்கூட்டியே சொன்னது இதைத்தான் என்று நினைத்தேன்.

இன்று உன் பொண்டாட்டி ஓட்டினாள். வல்லம் தாண்டி, ரோட்டில் காயப்போட்ட உளுந்துச் செடி மழையில் நனைந்து கிடந்தது. அதன்மேல் ஏறியதும் கார் பக்கவாட்டில் வழுக்கியது. விளக்கு மினுங்கியது. கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது கார் நேராகப் போய்க்கொண்டிருந்தது.

"வெளக்கு எரியுது, நிறுத்துடி."

"பயப்படாதீங்க அத்த. விட்டு விட்டு எரிஞ்சா வண்டிய வழுக்காம புடிக்குதுன்னு அர்த்தம். எந்தச் சக்கரத்தப் புடிக்கணும்னு அதுவே பாத்துக்கும். எரிஞ்சிக்கினே இருந்தாதான் கோளாறு."

"அப்ப அவன் நசுக்குன எலுமிச்சம்பழம்லாம்?"

"ஜூஸ் போட்டிருக்கலாம்" என்று சிரித்தாள். அவள் சிரித்துப் பார்த்து நாளாகிறது.

நான் கண் மூடித் திறப்பதற்குள் சக்கரத்தைத் தேடிப் பிடித்திருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் அந்த விளக்கைத் தொட்டுக் கும்பிட்டேன்.

இதைப் படிக்கிறவர்களே, உங்களில் யாரெல்லாம் இந்த விளக்குக்குப் பயந்து பழம் நசுக்கினீர்கள், சொல்லுங்கள்.

அப்பு, அது எத்தனை முறை உன்னைப் பிடித்து என்னிடம் அனுப்பியது, உனக்குத் தெரியுமா?